சிஸ்டம்னா யாருண்ணே?

“சிஸ்டம்ல பிரச்சினை” என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். கோபம் என்று சொல்ல முடியாது. காது சரியாகக் கேட்காதவர்போலத் தலையைச் சற்றுச் சாய்த்து, “சிஸ்டம்னா யாருண்ணே?” என்று கேட்பார்.

முதலில் அதைக் கிண்டல் என்றுதான் நினைத்தோம். சிஸ்டம் என்றால் சிஸ்டம். கம்ப்யூட்டர். அதற்கு யார் என்று என்ன பதில் சொல்வது? ஆனால் பதில் வரும்வரை நகரமாட்டார். எங்கள் கம்பெனியில் கணினி சம்பந்தப்பட்ட எதுவானாலும் அதற்கு ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிரிவின் பெயர் கூடாது, “எல்லாரும்தான்” என்று சொல்லக் கூடாது. ஓர் ஆள், ஒரு பெயர்.

சுங்கைப்பட்டாணியில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை அது. நான் தரப் பரிசோதனைக் கூடத்தில் சூப்பர்வைசர். அவர் கணினிப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூரில் படித்து, அங்கேயே ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்து, அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் எங்கள் கெடா மாநிலத்துக்கே திரும்பியவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் “மேடம்” என்று ஆரம்பித்து, ஒரு வருடத்துக்குள் “தங்கச்சி”க்கு வந்து சேர்ந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால், “யாரு பர்மிஷன் குடுத்தா?” என்பார்.

வந்த முதல் வாரமே கையில் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு தொழிற்சாலை முழுக்க நடந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் நின்று, “இது யாரோடது?” என்று கேட்டு, பெயரை எழுதி ஒட்டினார். எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களுக்கும் வாளிகளுக்கும் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரைகூடக் கிடையாது. மேலே விரல் கனத்துக்குத் தூசி. ஸ்டோரில் கேட்டால் அலுவலகம் என்றார்கள், அலுவலகத்தில் கேட்டால் ஸ்டோர் என்றார்கள். கூட்டுகிற அம்மா மட்டும், “நான் வந்ததுலேர்ந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆஃப் பண்ணாதீங்கன்னு சொல்லி வச்சிருக்காங்க” என்றார். யார் சொன்னது என்று அவருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் விசாரித்தார். பிறகு எல்லாப் பிரிவுக்கும் கடிதம் அனுப்பினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை ஒரு மணி நேரம் அணைக்கப் போகிறேன், யாருக்காவது ஏதாவது நின்றுபோனால் உடனே என்னைக் கூப்பிடவும், என்று. சொன்னபடி பத்து மணிக்கு அணைத்தார். ஒன்றும் ஆகவில்லை. பத்தே கால் ஆனது. பத்தரை ஆனது. அப்புறம்தான் உற்பத்திப் பகுதியிலிருந்து சத்தம் கேட்டது. பீங்கான் கைகள் வரிசையாக ரப்பர் பாலில் முங்கி எழும் அந்த லைன் நெடுக, நேப்பாளிப் பையன்களும் மலாய்க்காரப் பெண்களும் எங்கள் ஆட்களும் மேலே இருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். தேநீர் மணி அடிக்கவில்லை!

எப்போதோ வேலையை விட்டுப்போன யாரோ ஒருவர் அந்தக் கம்ப்யூட்டரில் மணியை இணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் எல்லோருடைய டீயும் சோறும் இத்தனை வருடமாக அந்த மாடிப்படிக்கு அடியில் இருந்திருக்கிறது. அன்றைக்கே மின்சாரப் பகுதி பாக் மான் அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் பெயரை எழுதி ஒட்டிவிட்டுத்தான் தங்கச்சி டீ குடிக்கப் போனார். கேன்டீனில் எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு வெட்கம் வந்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

எங்கள் முதலாளி ஒரு சீனர், டத்தோ பட்டம் வாங்கியவர். தொழிற்சாலையின் எல்லா விவரமும் தன் கைபேசியில் தெரிய வேண்டும் என்று ஒருநாள் ஆசைப்பட்டார். தங்கச்சி, பாரம் என்று நாங்கள் சொல்லும் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் சொல்லி என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பாரம். டத்தோவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. “இனி சாயா புன்யா கம்பெனி லா!” என்றார். இது என்னுடைய கம்பெனி, இதற்கு நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மலாயில் அவர் கேட்ட கேள்வி.

“அதனாலதான் டத்தோ, மொதக் கையெழுத்து உங்களோடதா இருக்கணும்” என்று தங்கச்சி மலாயில் சொன்னாராம். டத்தோ போட்டார். அதன்பிறகு அந்தப் பாரத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்க முடியவில்லை. முணுமுணுத்தால், “டத்தோவே போட்டுட்டாரு” என்று எடுத்துக் காட்டிவிடுவார்.

என்னிடமும் அவர் சலுகை காட்டியதில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் மாதிரி ஒன்றை அலுவலக பிரிண்டரில் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு பென்டிரைவ் கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். ஆனால் பிரிண்டர் பக்கமே போகவில்லை. இதற்கென்றே வைத்திருந்த ஒரு பழைய லேப்டாப்பில் அதைச் செருகிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, உங்க பென்டிரைவுக்கு உடம்பு சரியில்ல. பதினொரு வைரஸ் இருக்கு” என்றார். எனக்கு மானம் போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுத்தம் செய்து, மறுநாள் தன் வீட்டு பிரிண்டரில் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கல்யாணத்துக்கு வந்தபோது மட்டும் என் மகளிடம், “ஒங்கப்பா பென்டிரைவ் எதுவும் குடுத்தா வாங்காத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்தது கடவுச்சொல்லை வைத்துத்தான். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அதைத் துண்டுத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் விளிம்பிலேயே ஒட்டி வைத்திருந்தோம். ஒருநாள் உள்ளே வந்தவர் அந்தத் தாளை உரித்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சரசக்காவுக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. சரசக்கா எங்கள் கூடத்தில் பதினைந்து வருடமாகச் சோதனை செய்கிறவர். கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். “மேடம், எங்க கையப் பாருங்க. நாளு முழுக்க ஈரம். ஒவ்வொரு தடவையும் கையத் தொடச்சு, பேரு அடிச்சு, பாஸ்வேர்டு அடிச்சு… நீங்க ஒரு நாளு இங்க நின்னு பாருங்க லா” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தங்கச்சி வந்து நின்றார். எட்டு மணி நேரம். கையுறைகளைத் தொங்கவிட்டார், தரையைத் துடைத்தார், செருப்பு நனைந்து ஊறியது. மாலையில் போகும்போது, “அக்கா சொன்னது சரிதான். பாஸ்வேர்டு இந்த எடத்துக்கு ஆகாது” என்றார். இரண்டு வாரத்தில் ஆளுக்கொரு அட்டை வந்தது. காட்டினால் போதும், அவரவர் பெயரில் திறக்கும். சரசக்கா அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கொஞ்ச நாள் மிடுக்காக நடந்தார். ஒவ்வொரு சோதனையின் பக்கத்திலும் தன் பெயர் திரையில் வருவது அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. “பதினஞ்சு வருஷமா செய்றேன். இப்பதான் நான் செஞ்சேன்னு தெரியுது” என்று என்னிடம் சொன்னார்.

அந்த அட்டைதான் அவரைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மறு வருடம் ஒரு புதன்கிழமை காலை சரசக்கா என் மேசைக்கு வந்தார். ஒரு சரக்கு எண்ணைச் சொல்லி, “இதுல மூணு கையுறை ஒழுகுச்சு. போன வாரம் ஃபெயில் போட்டு செவப்பு அட்டை கட்டுனேன். இப்ப ஏத்துமதி லிஸ்ட்ல பாஸ்னு இருக்கு அண்ணே” என்றார். நான் பார்த்தேன். பாஸ் என்றுதான் இருந்தது. அந்தச் சரக்கு ஏறிய கண்டெய்னர் திங்கட்கிழமையே பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போய்விட்டது. போகும் இடம் வெளிநாட்டு மருத்துவமனைகள்.

சரசக்காவையும் அழைத்துக்கொண்டு தொழிற்சாலை மேலாளரிடம் போனேன். அவர் திரையைப் பார்த்தார், சரசக்காவைப் பார்த்தார். “டெஸ்ட் பண்ணது யாரு? நீதானே? பாஸ் போட்டுட்டு இப்ப பயந்துபோய் மாத்திப் பேசுற” என்றார். மதியத்துக்குள் விசாரணை, வேலைநீக்கக் கடிதம் என்று பேச்சு போய்விட்டது. சரசக்கா அழவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கணவர் இல்லாத வீடு. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் தங்கச்சிக்கு மட்டும்தான். நான் அவர் அறைக்கு ஓடினேன். அவர் உடனே திறந்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் வரி, வியாழக்கிழமை. சரசக்கா பெயர். ஃபெயில்.

இரண்டாவது வரி, சனிக்கிழமை காலை. பாஸ். பக்கத்தில் இருந்தது தங்கச்சியின் பெயர்.

நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று குனிந்து மறுபடியும் படித்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழம அம்மாவுக்கு ஆப்பரேஷன் அண்ணே” என்றார்.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை அறை வாசலில் அவர் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். பெட்டிகளில் ஒட்டும் லேபிள் அச்சாகவில்லை, லாரி நிற்கிறது, ஏதாவது செய் என்று. தங்கச்சியின் கணக்கு எல்லாப் பகுதியையும் திறக்கும். மூன்றாவது தடவை, நர்ஸ் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை வந்ததும் மாற்றிவிட்டார்.

“மூணு நாளு என் பேரு வெளிய சுத்திக்கிட்டு இருந்திருக்கு” என்றார்.

நான் கதவைச் சாத்தினேன். இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன். “தங்கச்சி, இத நம்ம ரெண்டு பேருதான் பாத்தோம். சரசக்கா மாத்தலன்னு மட்டும் எழுதுங்க. யாருன்னு தெரியல, சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“தோட்டத்துல காலையில பெரட்டுல எல்லாரையும் வரிசையா நிறுத்திப் பேரு கூப்புடுவாங்க இல்லண்ணே? எங்கம்மா எப்பவும் சொல்லும். கூப்புட்டா நின்ன எடத்துலேர்ந்து பதில் சொல்லணும், பக்கத்து ஆளப் பாக்கக் கூடாதுன்னு.” பிறகு பிரிண்டரைத் தட்டினார். “மொதல்ல கண்டெய்னர நிறுத்தணும். வாங்க.”

அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு நேராக டத்தோ அறைக்குப் போனோம். மேலாளரும் சரசக்காவும் வரவழைக்கப்பட்டார்கள். தங்கச்சி தாளை டத்தோ முன்னால் வைத்துத் தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். “இந்த அக்கா ஃபெயில்னுதான் போட்டிருக்காங்க. அத மாத்தினது என் பேருல நடந்திருக்கு. அந்தச் சரக்கு போகக் கூடாது டத்தோ. விசாரணைய அப்புறம் வச்சுக்கலாம். இப்ப துறைமுகத்துக்குப் போன் பண்ணணும்.”

டத்தோ போனை எடுத்தார். கண்டெய்னர் இன்னும் கப்பலில் ஏறவில்லை. ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். ஒரு டாக்டரின் கை, ஒரு நோயாளியின் ரத்தம், நடுவில் எங்கள் கையுறை.

போனை வைத்த பிறகுதான் டத்தோ கேட்டார். “நீ ஆஸ்பத்திரியில இருந்தே. உன் பேருல வேற யாரோ செஞ்சிருக்காங்க. யாரு?”

“பாஸ்வேர்ட மேனேஜர்கிட்ட சொன்னேன். அதையும் அறிக்கையில எழுதித் தருவேன். அவரு அத என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது, அவருதான் சொல்லணும். ஆனா குடுத்தது நான். குடுக்கக் கூடாதுன்னு சட்டம் எழுதினதும் நான்தான்.”

மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். லேபிள் அச்சாகட்டும் என்று ஏற்றுமதிப் பிரிவில் கொடுத்தேன், அங்கே இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது என்றார். அது உண்மையா என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. சரசக்கா தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரக்கு திரும்பி வந்தது. சரசக்காதான் மறுபடியும் சோதித்தார். இந்த முறை ஐந்து கையுறை ஒழுகியது. அவருக்குக் கொடுக்க இருந்த கடிதம் கிழிக்கப்பட்டது. தங்கச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. தலைவர் பொறுப்பிலிருந்து விலக்கி, பினாங்கில் உள்ள ஒரு வெளி நிறுவனத்திடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். மேலாளரை ஆறு மாதம் கழித்து வேறு கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். டத்தோ என்னிடம் ஒருமுறை, “அந்தப் பொண்ணு வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனாலும் கடிதத்தை அவர் திரும்ப வாங்கவில்லை.

அந்த வாரம் சரசக்கா தஞ்சோங் டாவாய் போய், நெத்திலிக் கருவாடு ஒரு பெரிய பையாக வாங்கிக்கொண்டு வந்து தங்கச்சி மேசையில் வைத்தார். அன்பளிப்பு வாங்கினால் எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டமும் தங்கச்சி கொண்டுவந்ததுதான். “இதுக்கும் பாரம் இருக்கா மேடம்?” என்று கேட்டார் சரசக்கா. இருக்கிறது என்று சொல்லி, நிஜமாகவே எடுத்து எழுதினார் தங்கச்சி. ‘கருவாடு, ஒரு பை’ என்று எழுதும்போதுதான் அவர் கண் கலங்கியது. அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. சரசக்கா பக்கத்தில் போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தங்கச்சி இரண்டு மாதம் இருந்து, அந்த வெளி நிறுவனத்திலிருந்து புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையை விட்டுக் கிளம்பினார். கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு, “அண்ணே, ஒரு சாட்சி கையெழுத்து வேணும்” என்று கூப்பிட்டார். புதுப் பொறுப்பாளர் ஹக்கிம் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுப் போகிறவரின் சாவி, லேப்டாப், அட்டை, கணக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்ததாக ஒரு படிவம். தங்கச்சி ஒவ்வொரு வரியாகப் படித்துக் குறியிட்டார். கணக்கை மூடும் வரி வந்ததும் ஹக்கிம் தயங்கினார். “இருக்கட்டும் காக். திங்கட்கிழமை வரைக்கும் விட்டு வைக்கிறேன். ஏதாவது தேவைப்பட்டால்?” என்றார் மலாயில். காக் என்றால் அக்கா.

“தேவைன்னா போன் பண்ணு. பாஸ்வேர்டு இல்லாமலும் நான் பேசுவேன்” என்று அவரும் மலாயிலேயே சிரித்தபடி சொன்னார். “இப்பவே மூடு.”

ஹக்கிம் மூடினார். தங்கச்சி அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, நின்றபடியே குனிந்து தன் பெயரை அடித்தார். கடவுச்சொல்லை அடித்தார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அனுமதி இல்லை.

இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். அனுமதி இல்லை.

“பாத்தீங்களாண்ணே?” என்று என் பக்கம் திரும்பினார். பரீட்சையில் தேறின பிள்ளையைப்போல முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “என்னையே உள்ள விடல. சரியாத்தான் வேல செய்யுது.”

படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்தார். மற்ற தாள்களில் எல்லாம் நான் ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போகிறவன். அன்றைக்குக் கையெழுத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும், அப்பா பெயரோடு, யார் படித்தாலும் புரியும்படி எழுத்து எழுத்தாக எழுதினேன்.